அவரை என்று எழுதப்பட்ட எங்கள் ராகி

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அறுத்துக் காயப்போட்டிருந்த எங்கள் ராகி மொத்தமும் மழையில் மிதந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் கதிரைக் கையில் எடுத்தால் பச்சையாக முளை விட்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற உங்களுக்கு என்னைத் தெரியும். வாயாடி பத்மா. அடுகோடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறேன். ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருப்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அங்கே விவசாயம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் போவேன்.

அதற்கு முந்தின இரண்டு வருடமும் விளைச்சல் இல்லை. ஒரு வருடம் மழை வரவே இல்லை, மறு வருடம் பூக்கிற நேரத்தில் ஏமாற்றியது. அப்போதே வீட்டுக்காரர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு வருசம்தான் பத்மா. இதுவும் போச்சுன்னா நிலத்த பிளாட் போடுற லேஅவுட்காரனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நீ அழக்கூடாது."

எனக்கு அந்த நிலம் உயிர். ஆடியில் நானே போய் ராகிக்குக் காப்பீடு கட்டினேன். "மழைக்கு இன்சூரன்சா? நல்லா ஏமாத்துறானுங்க உன்ன" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுத்து நிலத்தில் காய்கிற பயிர் மழையில் கெட்டாலும் காப்பீடு உண்டு. ஆனால் கெட்ட மூன்று நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். ஈரக் கையோடு வரப்பிலிருந்தே போன் போட்டேன். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பார்க்கவும் ஒருவர் வந்தார். கதிரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மா, நீங்க ராகிக்குக் கட்டியிருக்கீங்க. சர்க்கார் பயிர்க் கணக்கெடுப்புல இந்த நிலத்துல அவரைன்னு இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா பணம் வராது."

எங்கள் பக்கம் ராகிக்கு நடுவே பத்துச் சாலுக்கு ஒரு சால் அவரை போடுவது வழக்கம். அதற்காக அவரை நிலம் ஆகிவிடுமா? வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். புரட்டாசியில் கணக்கெடுக்க வந்தவர் என்ன பயிர் என்று கேட்டாராம். இந்த மனிதர் அவரை என்று சொன்னாராம்.

"ஏங்க, ராகின்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"ராகிய யாராவது சொல்வாங்களாடி? அதுதான் எல்லார் நிலத்துலயும் இருக்கே! வேற என்ன போட்டிருக்கன்னு கேக்குறாருன்னு நெனச்சேன். அவரை நல்லா வந்திருந்துச்சு, அதான் சொன்னேன்."

அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நனைந்த ராகி போனது கூடப் பரவாயில்லை, இந்த ஒரு வார்த்தையால் நிலமே போகப்போகிறதே என்று கத்தினேன். தப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்கிற கெடுவும் முடிந்துவிட்டதாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நம் கோயில் எல்லம்மா முன்னால் போய் நின்றேன். பூ வாங்கக்கூடத் தோன்றவில்லை. "தாயே, இன்னைக்கு விவசாய ஆபீசுக்குப் போறேன். ரெண்டே ரெண்டு கேக்குறேன். அங்க ராகி தெரிஞ்சவங்க ஒருத்தரை உட்கார வை. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் என் வாயைக் கட்டு." அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஆபீசில் வழக்கமாக இருக்கிற அதிகாரி விடுப்பு. பதிலுக்கு ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி இருந்தார். முதலில் அவரும் கெடு முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சகோதரிகளே, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பேசாமல் நின்றேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பெண், என்ன நினைத்தாரோ, கணக்கெடுப்பில் எடுத்த போட்டோவைத் திறந்தார். முன்னால் ஒரே ஒரு சால் அவரை. அதற்குப் பின்னால் தைல மரம் வரைக்கும் ராகி. இடுப்பளவு ராகிக்குள் இளித்துக்கொண்டு நிற்கிறார் எங்கள் வீட்டுக்காரர்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "எங்க ஊரு கோலார் பக்கம் அக்கா. எங்க அப்பாவும் இப்படித்தான், ராகிய வாயில சொல்லவே மாட்டாரு. பேஜார் பண்ணிக்காதீங்க. நான் நேர்ல வந்து பாத்து எழுதறேன்."

மறுநாளே சேற்றில் இறங்கி வந்தார். வெட்டின ராகித் தாளையும் முளைத்த கதிரையும் படம் எடுத்து, இது ராகி நிலம் என்று அறிக்கை எழுதினார். அதைக் காட்டித் தப்பைத் திருத்த வைத்தார்.

பணம் வரச் சித்திரை ஆனது. முழு விளைச்சலுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் உழவுக்கும் விதைக்கும் போதும். தற்செயல் என்று கேன்டீனில் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் வாய் அடைத்து நின்றதைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வருகிற ஆடியில் அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் காகிதத்தையும் நானே வாங்கிக்கொண்டு காப்பீடு கட்டப் போகிறேன். வீட்டில் என் சத்தமும் குறைந்திருக்கிறது. இதற்கு வீட்டுக்காரரே சாட்சி.

சகோதரிகளே, கஷ்டம் வந்தால் அவளிடம் போய் நில்லுங்கள். உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய் நில்லுங்கள். கைவிட மாட்டாள். போன வாரம் லேஅவுட்காரர் காரில் வந்து இறங்கினார். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வேற எடம் பாருங்க சார். நாங்க ராகி வெதைக்கணும்."