வளைவா, கதவா?

பத்திரிகையில் எழுதினால் என்னென்ன தொல்லை வரும் தெரியுமா? சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவார்கள்!

போன மாதம் அப்படித்தான். கோவளம் போகிற வழியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெற்றோர்-ஆசிரியர் கூட்டம். ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி, தாம்பரத்தில் மாறி, சட்டை கசங்கிப் போய்ச் சேர்ந்தேன். பாக்கெட்டில் ‘மாணவர் முன்னேற்றம்’ பற்றி ஒரு பேருரை தயார்.

சங்கத் தலைவர் ஏழுமலை. வயல்களை மனை போட்டு விற்றவர். பிள்ளைகள் தாம்பரம் கான்வென்ட்டில். அங்கே கம்ப்யூட்டரே வந்துவிட்டதாம்! இந்தப் பள்ளிக்கும் ஏதாவது செய்ய ஆசைப்பட்டார். வாசலில் பெரிய வளைவு… மேலே அவர் அப்பா பெயர்.

எல்லோரும் கைதட்டத் தயாரானபோது தலைமை ஆசிரியை விமலா எழுந்தார்.

“படிக்கிறவங்கள ஒரு தடவை கேட்டுடலாமே சார்?”

“கேளுங்க, கேளுங்க” என்றார் ஏழுமலை. பிள்ளைகள் வளைவைத் தவிர வேறென்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்கிற தைரியம்.

முதலில் பையன்கள். வாரத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றான் ஒருவன். கணக்குப் பாடத்தையே எடுத்துவிடலாம் என்றான் இன்னொருவன். கணக்கு வாத்தியார் முறைத்த முறைப்பில் பாதி கோரிக்கைகள் வாபஸ்.

அப்புறம் ஒன்பதாம் வகுப்பு செல்வி எழுந்தாள். அம்மா கோவளத்தில் மீன் விற்கிறார்.

“சார், வளைவுக்குக் கதவு வெப்பீங்களா?”

“வளைவுக்கு எதுக்கு பாப்பா கதவு?”

“வெச்சுக் கட்டுங்க சார். அப்பால அத்த மட்டும் கழட்டி எங்களுக்குக் குடுத்துடுங்க.”

யாருக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். பெண்கள் கழிப்பறைக் கதவு போன புயலோடு போய்விட்டது. சுவர் மட்டும் நிற்கிறது.

“இன்டர்வெல் வுட்டா பசங்க கிரவுண்டுக்கு ஓட்றாங்க. நாங்க வூட்டுக்கு ஓட்றோம். திரும்பி வர்றதுக்குள்ள மேக்ஸ் முடிஞ்சிடுது. எங்க அக்கா இதுக்கோசரமே எட்டாவதோட நின்னுட்டா. இப்ப அம்மாகூட மீன் வித்துகினு கீறா.”

கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார். பெண்களுக்குக் கணக்கு வராது என்று அதுவரை என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்!

கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நடுவில் ஒரு கதவு காணாமல் போனதை யார் பார்த்தோம்? பேருரையை இன்னும் ஆழமாகப் பாக்கெட்டுக்குள் தள்ளினேன்.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். “கதவு போட்டுடலாம் பாப்பா. ஆனா… எங்க நைனா பேர எங்க போட்றது?”

நியாயமான சந்தேகம். கழிப்பறைக் கதவில் அப்பா பெயரை யார் போடுவார்? ‘தண்ணீர்த் தொட்டியில் போடலாமே’ என்று விமலா டீச்சர் ஆரம்பிப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

“கதவுக்கு உள்பக்கம் போடுங்க சார். நிதானமா படிப்போம்!”

போச்சு… எழுந்து போகப் போகிறார்… கதவும் போச்சு, வளைவும் போச்சு!

ஏழுமலை சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க நைனா கைநாட்டு பாப்பா. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. அவர் பேர அங்கனாச்சும் நாலு பேரு படிக்கட்டும்!”

போன வெள்ளிக்கிழமை மறுபடி போயிருந்தேன். வளைவு இல்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த இரண்டு கதவுகள், தாழ்ப்பாளோடு. மத்தியானக் கணக்கு வகுப்பில் பெண்கள் பெஞ்ச் நிறைந்து, வாத்தியாருக்குக் குரல் கட்டிவிட்டது. செல்வியின் அக்கா கதவைப் பார்க்க வந்தாளாம். ஜூனில் ஒன்பதாவதில் சேரச் சொல்லி, வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார் டீச்சர்.

“பெயர் போட்டாரா?” என்று கேட்டேன்.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்பக்கம் ஏழுமலை அப்பா பெயரை ‘உபயம்: கண்ணியப்பன்’ என்று தப்பாக எழுதிவிட்டாராம் பெயிண்டர். மறுநாளே யாரோ மூன்று சுழியை அடித்து, ‘கன்னியப்பன்’ என்று திருத்தி, பக்கத்தில் மார்க்கும் போட்டுவிட்டார்கள்.

பெயிண்டர் ஃபெயில்!