மவுஸைத் தொடாத டீச்சர்

ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிறவளுக்கு 'கைகட்டி டீச்சர்' என்று பட்டப்பெயர். பயிற்சி அறையில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். எவர் தவித்தாலும் மவுஸைத் தொடமாட்டாள். "நான் தொட்டா நான்தான் கத்துக்குவேன். எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!" என்பாள்.

ஆசிரியர்களைப் போல மோசமான மாணவர்கள் உலகத்திலேயே கிடையாது என்பது பதினைந்து வருடத்தில் அவள் கண்ட உண்மை. பிள்ளைகளை வாயை மூடு என்று அதட்டுகிறவர்கள் இங்கே வந்ததும் அறை சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், அதுவும் சிநேகிதர்கள் சேராமல். அவள் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டாது. மறுநாள் வகுப்பில் எடுக்கப்போகிற பாடத்தையே கொண்டுவரச் சொல்வாள், சொந்த வேலை என்றால்தான் கை ஓடும். சான்றிதழ் கடைசியில்தான். ஒரு தடவை காலையிலேயே கொடுத்துத் தொலைத்தாள். மதியம் காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தவேண்டியதாயிற்று.

இந்தத் தடவை ஓர் அதிகாரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்குள் இருபத்து நாலு பேரும் தாங்களாகவே ஒரு பாடத்தை இணையத்தில் ஏற்றவேண்டும், இல்லையென்றால் பயிற்சி மையத்தை இழுத்து மூடிவிடுவேன் என்றார். அந்த மையம் அவளுக்கு உயிர்.

மூன்றரைக்கு இருபத்து மூன்று பேர் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு சரித்திர வாத்தியார். திரை பாஸ்வேர்டு கேட்க, அவர் திருதிருவென்று விழித்தார். வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட புண்ணியவான்தான்.

"என்னங்க, பாஸ்வேர்டைப் போடுங்க."

"எனக்கெப்படித் தெரியும்? நீதானே வச்சே!"

அறையே சிரித்தது. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் பதினோரு வருடமாக, அவர் மதிப்பெண் தாளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே, "தள்ளுங்க, நான் முடிச்சிடறேன்" என்று இவளே தட்டி ஏற்றிவிடுவாள். இரண்டு நிமிட வேலை, யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது?

இப்போதும் காதோடு சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சார், வீட்டுல இவர் வேலையெல்லாம் நான்தான் செஞ்சேன். இவர் கத்துக்காததுக்கு நான்தான் காரணம்." பிறகு கணவரிடம், "பழசு வேணாம். புதுசா நீங்களே வைங்க" என்று சொல்லிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

அவர் ஒற்றை விரலால் தட்டினார். தப்பானது. மறுபடி தட்டினார். மணி நாலு அடித்தது. அதிகாரி எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேரமாயிடுச்சு, போதும் சார்."

"சும்மா நில்லுங்க சார், இப்பத்தான் வருது!"

வகுப்பில் அதட்டிப் பழகிய குரல். அதிகாரி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நாலேகாலுக்குப் பாடம் ஏறியது.

"கால் மணி நேரம் போனாப் போகுது. இவரே ஏத்திட்டார்னா இனி யார் வேணும்னாலும் ஏத்தலாம்" என்றார் அதிகாரி. "மையம் இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரில் இருக்கிற வாத்தியார்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்த பொறுமையில், இந்த மனுஷனுக்கு ஒரு துளி மிச்சம் வைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.