அப்பாவின் துப்பாக்கிக்கு அக்கா போட்ட பாலிஷ்

என் அக்காவிடம் பழையதாக எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் புதிதாகித்தான் திரும்பி வரும். நாற்காலி, மேஜை, கட்டில் என்று முப்பது வருஷமாக அரக்கு பாலிஷ் போட்டு, அவளுக்குப் பத்து நகமும் தேன் நிறமாகிவிட்டன. அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. பாலிஷ் அக்கா என்றால் கடை வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். நடுவில் இரண்டு வருஷம் ஒரு கல்யாணத்தில் இருந்து பார்த்தாள். ஒத்துவரவில்லை என்று பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுவாரமே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்.

"உனக்குன்னு ஒரு பூட்டு சாவி இருக்கட்டும்மா" என்றார். அந்த அறைதான் அவள் பட்டறை.

போன மாதம் அந்த அறைக்கு ஆபத்து வந்தது. சொந்தக்காரர் விற்கப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் அக்காவுக்கு, இல்லையென்றால் பக்கத்துச் செருப்புக் கடைக்காரருக்கு. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களுக்குச் சொத்து என்று இருந்தது அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றுதான்.

அப்பா வங்கி வாசலில் காவலாளி. சொந்தத் துப்பாக்கி வைத்திருந்தால் சம்பளம் கொஞ்சம் கூட என்பதற்காகப் பழைய முதலாளி ஒருவரிடம் வாங்கியது. முப்பது வருஷத்தில் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் தினம் காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்ததும், கையில் மிச்சமிருப்பதைத் துண்டில் துடைக்காமல் துப்பாக்கிக் கட்டையில் தடவுவார். "மரத்துக்கும் ஆச்சு, துண்டும் தப்பிச்சுது" என்பார். அவர் பிடிக்கிற இடம் மட்டும் கருத்து வழவழவென்று இருக்கும்.

அவர் இறந்துபோன பிறகு லைசென்ஸை அக்கா பெயருக்கு மாற்ற எட்டு மாதம் அலைந்திருந்தோம். அறைக்கு ஆபத்து என்றதும் நான் போனில் படம் எடுத்து, பழைய துப்பாக்கி வாங்கி விற்கிற வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். "படத்துல இருக்கிற மாதிரியே நேர்லயும் இருந்தா" என்று அவர் சொன்ன விலையை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதில் அக்காவின் பாதி, முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். என் பாதிக்கு நான் ஸ்கூட்டரும் பார்த்தாகிவிட்டது, நிறம் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். தொடாதே என்று சொல்லவில்லை. எனக்கு எங்கே தெரியும்?

வியாபாரி ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. அக்கா பட்டறை மேஜையில் மூடியிருந்த துணியை விலக்கினாள். என் கண்ணே பட்டுவிடும் போலப் பளபளத்தது துப்பாக்கி. அவர் அதைத் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். குழல்களைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். ஒரு விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். மணி போல ஒலித்தது, விரிசல் இல்லை. மூன்று பாகத்திலும் ஒரே நம்பர், எதையும் மாற்றியதில்லை. நான் மனசுக்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன்.

கடைசியில் கட்டையைத் திருப்பினார். கண்ணாடியை வைத்தார். எடுத்தார்.

"இது யார் பண்ணது?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "மூணு நாள் வேலை. வர்றவங்க முன்னாடி அழுக்கா வைக்கலாமா?"

"வேலை ரொம்ப சுத்தம்மா. அதுதான் பிரச்சினை."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். இதைச் சேகரிப்பவர்கள் பளபளப்பைத் தேடுவதில்லை, பழைய பூச்சைத் தேடுகிறார்கள். இரும்பில் செதுக்கியிருந்த பூங்கொடி வேலைப்பாடு, உப்புத்தாள் பட்டு மழுங்கிவிட்டது.

"இங்க கை பிடிச்ச கறுப்பு ஒண்ணு இருந்துச்சே, படத்துல பார்த்தேன். ஒரே ஆள் வருஷக்கணக்கா பிடிச்ச இடம்மா அது. அதைப் புதுசா யாராலயும் பண்ண முடியாது."

"இப்ப என்ன போகும்?" என்றேன்.

"பாதி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், கோபம் முதலில் வரும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். "உன்னை யாரு தொடச் சொன்னது?" என்று அவர் முன்னாலேயே அக்காவைப் பார்த்துக் கத்தினேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், அன்று கட்டையையே தடவிக்கொண்டிருந்தாள்.

"விலை கிடக்கட்டும்டா" என்றாள் பிறகு. "அப்பா கை பிடிச்ச இடத்த நானே வழிச்சு எடுத்துட்டேனே."

அவளுடைய பெரிய நஷ்டம் எதுவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வியாபாரியிடம், "அந்தப் பாதியை முழுசா அக்கா கையில குடுங்க" என்றேன்.

"அப்ப உன் பங்குடா?" என்றாள் அக்கா.

"அவ்வளவும் போட்டாத்தான முன்பணம் வரும்."

"ஸ்கூட்டரு?"

"நான் ஓட்டினா நாலு பேர் கால் உடையும். பஸ்ஸே போதும்."

"பெரிய கர்ணன்தான் போ" என்றாள். குரல் உடைந்திருந்தது.

பணத்தை அக்கா கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றும் காகித வேலை முடிந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவர் கிளம்பினார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது வேலை செய்வோம் என்று மேஜைக்கு அடியிலிருந்த கந்தல் துணி டப்பாவைக் கொட்டப் போனேன்.

"ஐயோ, கொட்டாதடா!"

பாய்ந்து வந்து பிடுங்கினாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளறினாள். அடியிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு பனியன் துணி வந்தது. பாலிஷ் வேலையின் முதல் நாள் ஸ்பிரிட்டில் நனைத்துக் கட்டையைத் துடைத்த துணி. முகர்ந்தாள். என் மூக்கருகே நீட்டினாள்.

ஸ்பிரிட் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. எண்ணெய் வாசனை போகவில்லை. சீப்பும் கையுமாக அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா அரக்கு போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடி ஒன்றைக் காலி செய்தாள். துணியை மடித்து உள்ளே வைத்து மூடியை இறுக்கினாள். மற்ற ஜாடிகளில் எல்லாம் சரக்கின் பெயர் எழுதி ஒட்டியிருப்பாள். இதிலும் ஒரு தாளை ஒட்டி, பென்சிலைத் தேடி எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: தொடாதே.