இரண்டு அங்குல ரப்பர் வெந்த கணக்கு

செம்பூர் ரப்பர் தொழிற்சாலையில் நான் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஒரு வியாழக்கிழமை முதலாளி, பாதியாக அறுத்த மெஷின் பேடை, அதிர்வு தாங்க மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டையை, என் மேஜைமேல் போட்டார். வெளியே கெட்டி, நடுவில் வேகாத பிசுபிசுப்பு.

"என்னவே இது? சனிக்கிழமை பார்ட்டி வாரான். சரக்கு இல்லேன்னா திங்கக்கிழமை நீரு வர வேண்டாம்."

ஒரு அங்குலப் பேடு சூடான பிரஸ்ஸில் வேக நாற்பது நிமிடம். இந்த இரண்டு அங்குலத்துக்கு எண்பது என்று பிரஸ் ஆபரேட்டர் செல்வராஜிடம் சொன்னவன் நான்தான். செல்வராஜ் தாராவிக்காரன், என் வயதுதான்.

மாட்டுங்காவில் நான் தங்கியிருந்த அறைக்குப் போய்க் கல்லூரி நோட்டைப் பிரித்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வெப்பக் கடத்தல் சமன்பாடு. ஒரு பக்கம் நேரம் ஒரு தடவை வருகிறது. மறுபக்கம் தூரம் இரண்டு தடவை. அப்படியென்றால் தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. துள்ளி எழுந்தே விட்டேன்.

வெள்ளியன்று நூற்றறுபது நிமிடம் வைத்தோம். நடு வெந்திருந்தது. மேல்தோலோ வளைத்ததும் வெடித்தது.

"நேத்து பச்சை மாவு, இன்னிக்கு முறுக்கு. நாளைக்கு என்ன பலகாரம், இன்ஜினியரே?" என்றான் செல்வராஜ். எனக்கே சிரிப்பு வந்தது. அவன் விடவில்லை. "அந்த நாப்பது நிமிசமும் சூடு உள்ள போறதுக்கேவா? போனப்புறம் வேக வேண்டாமா?"

சமன்பாடு சூட்டின் பயணத்தை மட்டுமே சொல்கிறது. வேகும் நேரத்தை அது சொல்லவே இல்லை. நான்தான் இரண்டையும் சேர்த்துப் பெருக்கிவிட்டேன். ஒரு அங்குலப் பேடின் நடுவில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி செருகிப் பார்த்தோம். சூடு போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம். மீதிப் பதினைந்து வேக. ஆக, இரண்டு அங்குலத்துக்குச் சூடு போக நான்கு மடங்கு, நூறு; வேக அதே பதினைந்து.

சனிக்கிழமை பகலில் பிரஸ்ஸைத் திறந்து ஒரு பேடை அறுத்தோம். நடுவிலிருந்து தோல்வரை ஒரே பதம்.

முதலாளி கட்டைவிரலால் அழுத்தினார். "நல்லாத்தான் இருக்கு. மூணு அங்குலமும் கேக்கான். எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் கணக்குப் போட ஸ்லைட் ரூலை எடுப்பதற்குள் செல்வராஜ் சொன்னான்: "மூணுக்கு மூணு ஒம்பது மடங்கு. ஒம்பது இருபத்தஞ்சு, மேல ஒரு பதினஞ்சு. நாலு மணி நேரம், மொதலாளி. ஆனா தோலு அம்புட்டு நேரம் தாங்காது. சூட்டைக் கொறைச்சு, நேரத்தைக் கூட்டணும்."

"சரி, திங்கக்கிழமை ரெண்டு பேருமா அச்சுல ஏத்துங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சமன்பாடு என்ன சொல்கிறது என்று படித்ததும், எதைச் சொல்லவில்லை என்றும் கேளுங்கள். பிரஸ் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டால் சீக்கிரம் தெரியும்.