வெளியேறுகிறீர்கள்

அன்று பதுளை இன்டர்நெட் கடையில் நானும் என் மனைவியும் கடையைப் பார்த்துக்கொண்ட பெண்பிள்ளையும் மட்டும்தான். பெரிய கண்ணாடி போட்ட அந்தப் பிள்ளைக்கு, திரையில் எது வந்தாலும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம்.

கத்தாருக்குப் போன என் தம்பியிடமிருந்து போனே இல்லை. மலைநாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் தளத்தில், அவன் படம் என்று யாரோ ஒரு சுட்டி போட்டிருந்தார்கள். அதை அமுக்கியதும் ஓர் எச்சரிக்கை வந்தது.

“எங்கள் தளத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். இனி நாங்கள் பொறுப்பல்ல,” என்று அந்தப் பிள்ளை வாசித்தாள்.

எனக்குப் பதறியது. “வெளியேறினா பேர வெட்டிருவாங்களா?”

“இது என்ன தோட்டத்துல வேலக்காரங்க பேர் பதியிற செக்ரோலாண்ணே, பேர வெட்ட? போறத பாத்துப் போங்கன்னுதான் சொல்லுது. போகாதேன்னு சொல்லல.”

“அப்ப நீயே அமுக்கும்மா.”

“உங்க தம்பி. நீங்கதான் அமுக்கணும்.”

அமுக்கினேன். படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. அந்தப் பிள்ளை இப்போது எதையும் வாசிக்கவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தபடி நின்றாள். காலில் கட்டோடு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

முன்பின் தெரியாத என் தம்பிக்காக அவளுக்கு ஏன் கை வியர்த்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.