முருங்கைக்கு வந்த கொண்டைக்காரர்கள்

சாலம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மாடு கட்டப் போனால் மாட்டை மறந்துவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த முருங்கை, பொம்மிடித் தாய்வீட்டு மரத்தில் ஒடித்து, கல்யாண வண்டியில் காரிமங்கலத்துக்குக் கொண்டுவந்து கொல்லையில் நட்டது.

கோடை மழை விழுந்த ஒரு மாலை, உள்ளங்கை அகல விட்டில்கள் அதில் வந்து அப்பிக்கொண்டன. காய்ந்த இலைக்கு உயிர் வந்ததுபோல் அவை சிறகசைப்பதை வாய்பிளந்து பார்த்தாள். முட்டையிட்டபோதும் துடைப்பத்தைத் தொடவில்லை. புருஷன் காளியப்பனிடம் சொல்லவுமில்லை.

ஆடியில் அடிமரமே தெரியாமல் கம்பளிப்பூச்சி. இருட்டில் தெரியாமல் முதுகைச் சாய்த்த காளியப்பன், தடித்தடியாய் வீங்கி, எருமைபோல் கம்பத்தில் உரசிக்கொண்டு திரிந்தான்.

"பந்தம் கட்டிக் கொளுத்திடறேன்."

"மரமும் வெந்துடுங்க. செத்த பொறுங்க, கொண்டைக்காரன் வந்துடும்."

"எவன் அவன், உங்க அண்ணனா?"

கொண்டைக்காரன் என்பது ஒரு பறவை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் கொண்டை. வருஷா வருஷம் மேற்கு மேகத்தோடு வரும். ஐப்பசிக்குள் காணாமல் போகும். எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியாது. இந்த வருஷம் இன்னும் வரவில்லை.

யுத்த காலம். சீமெண்ணெய்க்குச் சாமி தரிசனம்போல் வரிசையில் நிற்கவேண்டும். அந்தப் புண்ணியத்தில் மரம் சில நாள் பிழைத்தது. சந்தையன்று காளியப்பன் அரைப் புட்டி வாங்கி வந்துவிட்டான்.

மறுநாள் காலை கோலில் கிழிசலைச் சுற்றி, எண்ணெயில் நனைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

"நெருப்புப் பெட்டி கொண்டா, புள்ள."

பெட்டி சாலம்மாள் மடியில்தான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குள் போய் அடுப்படியை உருட்டினாள், பானைகளுக்குள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரமாகியும் அவன் அதட்டல் கேட்கவில்லை. பயந்துபோய் வெளியே வந்தாள்.

முருங்கையில் ஐந்தாறு கொண்டைகள். ஒன்று கம்பளிப்பூச்சியைக் கவ்வி, கிளையில் அடித்து அடித்து முடியை உதிர்த்தது, விழுங்கியது, அடுத்ததற்குத் தாவியது. காளியப்பன் பந்தத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். எண்ணெய் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

"பெட்டி கெடச்சுதுங்க," என்றாள் மெதுவாக.

"சும்மா இரு. இதுங்களுக்கு யாரு சொன்னது, நம்ம வூட்டுல தீனி கெடக்குதுன்னு?"

"நான் சொல்லலீங்க."

அவன் சிரிக்கவில்லை. மேகத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். பிறகு சத்தம் வராமல் குந்தி, கிழிசலை அவிழ்த்து, புட்டிக்குள் பிழியத் தொடங்கினான். கண் மரத்தைவிட்டு இறங்கவில்லை. பாதி எண்ணெய் மண்ணில் போனது.