எங்கே என்று கேட்பதில்லை

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெடும். தவறிக் கேட்டுவிட்டால், அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஒக்கலிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் இதை மீறியதில்லை. பிள்ளையையும் அப்படித்தான் வளர்த்தேன்.

அந்தப் பிள்ளைதான் போன வருஷம் என்னையும் மருமகளையும் ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போனான். ரோப் காரில் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மலைக்குடிலில் தங்கினோம். கல் சுவர், மரக்கூரை. சுற்றிலும் ஒரு செடி கிடையாது. பாறையும் அழுக்கேறிய பழைய பனியும்தான். வாசலில் பெரிய மணி ஒன்று தொங்கியது. அதன் கயிறு கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது.

சாப்பிட்டதும் மகன் பூட்ஸை மாட்டினான்.

"போய்ட்டு வரேம்மா."

"நல்லபடியா போய்ட்டு வா."

மருமகள் தலைவலி என்று உள்ளே படுத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கி, எதிரே இருந்த மலை மறைந்தது. பிறகு பாதை. பிறகு வாசற்படியே தெரியவில்லை. குடிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, மருமகளை எழுப்பி ஏதோ கேட்டாள்.

"அத்தே, அவர் ஏரிப் பக்கம் போனாரா, பனிப் பக்கமான்னு கேக்கறாங்க."

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே வாசல்ல இருந்தீங்க! கேக்கலியா?"

"கெளம்பறவனப் போய் எங்கன்னு கேப்பாங்களா? நல்லா இருக்கே!"

மருமகள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தாள். அங்கே எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லாமல் யாரும் படி இறங்க மாட்டார்களாம். பனியில் ஆழமான வெடிப்புகள் உண்டாம். கால் வைத்த பிறகுதான் தெரியுமாம். அதற்கு மேல் அவள் சொன்னதை மருமகள் எனக்குச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் மணி அடித்தாள். அடிப்பாள், நிறுத்துவாள், காது கொடுப்பாள். பதிலே இல்லை. அவள் கை ஓய்ந்ததும் கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். அந்நியர் முன்னால் நான் அழுகிறவள் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா!" என்று ஒரு குரல் வந்தது. பனிப் பக்கத்திலிருந்துதான் வந்தான். ஒரு கால் மட்டும் தொடை வரை நனைந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போன வாரம் இங்கே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வரேம்மா" என்றான்.

"எங்கடா?"

வாசலில் அப்படியே நின்றுவிட்டான். "என்னம்மா, நீயே கேக்கற?"

"சொல்லு."

"ஆனேக்கல்."

"சரி, வந்து உக்காரு. தண்ணி குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டுப் போனான். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் நான் காது கொடுத்தபடி நின்றிருந்தேன்.